உடம்புக்கும் ஞாபகம் உண்டா?

 

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆந் திகதி பிற்பகலை உங்களுட் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 8.6 அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டு, எமது கரையோரத்துக்குச் சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எங்கும் மக்கள் மேற்கு நோக்கி ஓடினார்கள். பேரலை வரவில்லை. ஓடியவர்களுள் இதை எழுதுபவனும் ஒருவன். பிரதான வீதியைத் தாண்டி வயல் ஓரத்தை அடைந்த பின்னரே என் கால்களிற் செருப்பு இல்லை என்பதைக் கண்டேன். ஓடவேண்டும் என்று எப்போது முடிவெடுத்தாய் எனக் கேட்டால், இன்றும் என்னிடம் விடையில்லை. கால்களே முடிவெடுத்தன என்று சொல்லத்தான் தோன்றுகிறது.

அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2004 டிசம்பர் 26, போயா தினமான அந்த ஞாயிறு காலையில், அம்பாறை மாவட்டம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இழந்தது. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்தனை பேரை இழக்கவில்லை. இன்றும் எமது வீடுகளிற் பாருங்கள். காற்று ஓங்கி வீசும் இரவுகளில் உறங்காத வாப்பாமார் இருக்கிறார்கள். அலையோசை சற்று உயர்ந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ளும் உம்மாமார் இருக்கிறார்கள். அன்று கைக்குழந்தையாக இருந்து, இன்று இருபதைக் கடந்துவிட்ட இளைஞர்கள் சிலருக்கு அந்த நாளைப் பற்றி ஒன்றுமே ஞாபகமில்லை. ஆயினும் கடற்கரை மணலிற் கால் வைக்க மறுக்கிறார்கள். “உடம்பு மறக்கவில்லை” என்கிறார்கள் சிலர். “ஈமான் போதாது” என்கிறார்கள் வேறு சிலர். “ஜின்னின் வேலை” என்று தண்ணீர் ஓதிக் கொடுப்போரும் உண்டு.

உண்மையில் மூளைக்கு வெளியே, உடலின் வேறிடங்களில், ஞாபகம் தங்குமா?

ஒரு வகை ஞாபகம் தங்குகிறது, அதில் ஐயமில்லை. 1846இல் வட அத்திலாந்திக் கடலிலுள்ள பாரோ தீவுகளிற் சின்னமுத்து நோய் பரவியது. அங்கு அனுப்பப்பட்ட பானும் என்ற டென்மார்க் நாட்டு இளம் வைத்தியர் ஒரு வியப்பைக் கண்டார். 1781இல், அதாவது 65 ஆண்டுகளுக்கு முன், சிறுபிராயத்தில் அந்நோய் கண்டு பிழைத்த முதியவர்களை மாத்திரம் அது மீண்டும் தொடவில்லை. அந்த முதியவர்களின் இரத்தத்திலும் என்பு மச்சையிலும் வாழ்ந்த சில கலங்கள், ஒரு தடவை கண்ட பகைவனின் அடையாளத்தை ஆறு தசாப்தங்களுக்கு மேலாகக் காத்துவந்தன. உங்கள் பிள்ளைக்குத் தடுப்பூசி ஏற்றும்போது, அந்தக் கலங்களுக்குத்தான் பாடம் சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

அண்மையில் இதனினும் நுட்பமான ஒரு சங்கதி வெளிவந்தது. 2024இல் நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதச் சிறுநீரகத்திலிருந்து பெற்று ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களுக்கு இரசாயனத் தூண்டுதல் கொடுத்தார்கள். ஒரே தொடராகக் கொடுத்த தூண்டுதலைவிட, இடைவெளி விட்டு நான்கு தவணைகளாகக் கொடுத்தது வலிமையாகவும் நீண்ட நேரமும் கலத்திற் பதிந்திருந்தது. மதுரஸாவில் ஓதிய எவருக்கும் இது புதினமன்று. ஒரே இரவில் ஒரு ஜுஸ்வை விழுங்கப் பார்த்த மாணவன் மறுநாள் உஸ்தாத் முன் விழிப்பதும், நாள்தோறும் சிறிது சிறிதாக ஓதி மீட்டியவன் தடையின்றி ஒப்புவிப்பதும் நாம் கண்டதே. மூளையின் நரம்புக் கலத்துக்கே உரியதென எண்ணப்பட்ட அந்த இயல்பு, சிறுநீரகக் கலத்திலும் இருந்தமைதான் புதுமை.

இவ்விடத்தில் ஒரு சொல். மறுமையிற் கைகளும் கால்களும் தோல்களும் சாட்சி சொல்லும் எனக் குர்ஆன் அறிவிப்பதை நாம் அறிவோம். மேற்படி ஆய்வைக் காட்டி, “பார்த்தீர்களா, விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது” என்று மேடையில் முழங்க எம்மவர்க்கு ஆசை எழும். அவசரப்பட வேண்டாம். அந்தச் சாட்சியம் மறைவான உலகைச் சேர்ந்தது. அவற்றைப் பேசவைப்பவன் அல்லாஹ். ஆய்வுகூடக் கலமொன்று தூண்டுதலின் தடத்தைச் சில மணிநேரம் வைத்திருந்தமை அதற்கு ஆதாரமும் ஆகாது, அதற்கு ஆதாரம் தேவையுமில்லை.

அந்தக் கலங்களில் எதுவும் ஓர் அலையின் உருவத்தையோ, கை நழுவிப்போன பிள்ளையின் முகத்தையோ வைத்திருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். நாம் கேட்ட கேள்வி அத்தகைய ஞாபகத்தைப் பற்றியது. அதற்கு நம் கைகளையே பார்ப்போம்.

மருதமுனையில் தறியில் இருக்கும் முதிய நெசவாளர் ஒருவர் பேசிக்கொண்டே நெய்வார். கையும் காலும் தம்பாட்டில் இயங்கும். ஓதிக்கொண்டிருக்கும் ஹாபிழ் ஒருவரை நடுவில் நிறுத்தி, அடுத்த சொல் என்னவென்று கேளுங்கள். பலவேளை தடுமாறுவார். வசனத்தின் தொடக்கத்திலிருந்து ஓதிவந்தால், நா தானாகவே அச்சொல்லை அடையும். ஞாபகம் கையிலும் நாவிலும் இருப்பதாகவே நமக்குத் தோன்றும்.

ஆனால் அந்தக் கை இல்லாமற் போனால் ஞாபகமும் போகவேண்டுமல்லவா? போவதில்லை. தமிழகத்திற் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, பின்னர் கலிபோர்னியாவிற் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், கையிழந்தோரை 1990களில் ஆராய்ந்தார். துண்டிக்கப்பட்ட கை இன்னும் இருப்பதாகவும், விரல்கள் இறுக மூடி நகங்கள் உள்ளங்கையிற் குத்துவதாகவும் அவர்களுட் சிலர் துடித்தார்கள். சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால், இல்லாத விரலைத் தொட்டதுபோல் இருந்தது. அவர் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியுமாறு செய்தார். நல்ல கையை விரித்தபோது, இல்லாத கையும் விரிவதாகக் கண்கள் மூளைக்குச் சொல்லின. சிலருக்கு அந்த இறுக்கம் தளர்ந்தது. யுத்தமும் கண்ணிவெடியும் கண்ட எமது நாட்டில் இவ்வலியை அறிந்தவர்கள் பலர். கை போன பின்னும் கையின் ஞாபகம் எஞ்சியிருக்கிறதென்றால், அது ஒருபோதும் கையில் இருந்ததில்லை.

கல்பு பற்றிக் கேட்பீர்கள். இருதயத்தில் ஏறத்தாழ 40,000 நரம்புக் கலங்கள் உள்ளன எனவும், ஆகவே அது சிந்திக்கிறது எனவும், மாற்றிருதயம் பெற்றவர்களுக்கு இறந்தவரின் விருப்பங்கள் வந்துவிடுகின்றன எனவும் பேசப்படுகிறது. 1988இல் இருதயமும் நுரையீரலும் மாற்றப்பெற்ற கிளேர் சில்வியா என்ற அமெரிக்கப் பெண்மணி, தாம் முன்பு விரும்பாத உணவுகளில் ஆசை பிறந்ததாக ஒரு நூலே எழுதினார். மரண வாசல் வரை சென்று மீண்டவரின் மனமும் சுவையும் மாறுவதற்கு, நோயும் மருந்துகளும் போதிய காரணங்கள். அந்த நரம்புக் கலங்களின் பணி துடிப்பை ஒழுங்குபடுத்துவது. வைத்தியர்கள் நன்கறிந்த வேறோர் உண்மை இதைவிடத் தெளிவானது. மாற்றிருதயம் பொருத்தும்போது மூளையிலிருந்து வரும் நரம்புகள் அறுபடுகின்றன. திடுக்கிட்டால் நமது இருதயம் அக்கணமே படபடக்கும். மாற்றிருதயமோ, அதிரினலின் இரத்த வழியே வந்துசேரும்வரை, சற்றுத் தாமதித்தே வேகங்கொள்ளும். அச்சம் இருதயத்திற் பிறப்பதன்று. அங்கு வந்து சேருவது. மார்பிலுள்ள தசையும், மார்க்கம் பேசும் கல்பும் ஒன்றல்ல என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரித்துக் காட்டியிருப்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

அப்படியாயின் அன்று என் கால்களை ஓடவைத்தது எது?

கிளபரேட் என்ற சுவிற்சர்லாந்து வைத்தியர் 1911இல் ஒரு நிகழ்வை எழுதினார். அவருடைய நோயாளியான பெண்ணுக்குப் புதிய ஞாபகம் எதுவும் நிற்பதில்லை. வைத்தியரையே ஒவ்வொரு தடவையும் புதியவராகக் காண்பாள். ஒருநாள் அவர் விரல்களிடையே ஊசியை மறைத்துக்கொண்டு கைகொடுத்தார். (இன்று எந்த வைத்தியரும் இப்படிச் செய்ய அனுமதியில்லை, அன்றும் செய்திருக்கக் கூடாது.) பின்னர் அவர் கை நீட்டியபோது அவள் தன் கையை இழுத்துக்கொண்டாள். ஏனென்று அவளுக்குத் தெரியவில்லை. நடந்ததைக் கதையாகச் சொல்லும் ஞாபகம் மூளையில் ஓரிடத்திலும், ஆபத்தின் அடையாளத்தைப் பதியும் ஞாபகம் வாதுமைப் பருப்பின் வடிவிலான வேறோரிடத்திலும் உருவாகின்றன. முதலாவது இல்லாமலும் இரண்டாவது வேலை செய்யும். அது காரணம் சொல்லாது. இருதயத்தையும் கால்களையும் வயிற்றையும் முடுக்கிவிடும். இதைத்தான் உடம்பின் ஞாபகம் என்கிறோம். உடல் அந்த ஞாபகத்தின் இருப்பிடமன்று, அதன் குரல்.

கைக்குழந்தையாக இருந்த அந்த இளைஞர்களின் அச்சத்துக்கு இது ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு: அலைச் சத்தம் கேட்ட போதெல்லாம் உம்மாவின் பிடி இறுகியதை அந்தப் பிள்ளை ஆண்டுக்கணக்காக உணர்ந்தே வளர்ந்தது. யாழ்ப்பாணத்து மனநல வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம் தமது ‘மனவடு’ நூலில் யுத்தம் மனங்களில் விட்டுச்சென்ற காயங்களைத் தமிழிலேயே விளக்கினார். எம்மவர் அத்தகைய துயரைத் துயரென்று சொல்வதில்லை. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடல் எரிவு என்றே வைத்தியரிடம் போகிறார்கள்.

ஆகவே பெற்றோர்களே, நடுங்கும் பிள்ளையை ஈமான் குறைந்தவனாக எண்ணாதீர்கள். கைத்தடி பாம்பாய் நெளிந்தபோது மூஸா (அலை) அவர்கள் திரும்பிப் பாராமல் ஓடினார்கள். முதல் வஹீ இறங்கிய பின் நபி (ஸல்) அவர்கள் நடுங்கியவாறு வீடு வந்து, தம்மைப் போர்த்துமாறு கேட்டார்கள். கதீஜா (ரழி) அவர்கள் முதலிற் போர்த்தினார்கள். நடுக்கம் தணிந்த பிறகே பேச்சு. ஓதிப் பார்ப்பதை எவரும் தடுக்கவில்லை. ஓதியதோடு நின்று, வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவதை ஆண்டுக்கணக்கிற் பிற்போடுவதே பிழை.

வைத்தியம் பலனளிக்கிறது. சுனாமிக்குப் பின் வடகிழக்கில் ஒரு முகாமிலிருந்த, அதிர்ச்சி நோய் கண்ட 31 பிள்ளைகளுக்கு, பயிற்றப்பட்ட உள்ளூர் ஆசிரியர்களே ஆறு அமர்வுகளில் உதவினார்கள். ஒரு பிரிவினர் நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லப் பழகினர். மறு பிரிவினர் மூச்சையும் உடலையும் அமைதிப்படுத்தப் பழகினர். 2009இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதங்களின் பின் முதற்பிரிவில் 81 வீதமானோரும் இரண்டாவதில் 71 வீதமானோரும் அந்நோயிலிருந்து விடுபட்டிருந்தனர்.

உங்கள் வீட்டில் கடலை அஞ்சுபவர் ஒருவர் இருந்தால், உளவளத்துணையாளரின் ஆலோசனையோடு இப்படித் தொடங்கலாம். அஸருக்குப் பின், அலையோசை மட்டும் கேட்கும் தூரம் வரை அவரோடு நடந்து செல்லுங்கள். நடுக்கம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பி ஓடிவராதீர்கள். ஓடியதாலேயே தப்பினோம் என்று மூளை மீண்டும் எழுதிக்கொள்ளும். நின்று பேசுங்கள். மூச்சு சீராகி, கை வியர்வை காய்ந்த பிறகு வீடு திரும்புங்கள். அடுத்த தடவை இன்னும் சில அடிகள் செல்லலாம். மணல் வரை செல்லச் சில மாதங்கள் எடுத்தாலும் பரவாயில்லை.