கணக்கு நோட்டு யார் கையில்?

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ‘சிலோன்காரர்கள்’ என்று அழைக்கப்படும் குடும்பங்கள் இருக்கின்றன. கடல் கடந்து பிழைப்பது இந்தக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. இவர்களின் பாட்டன் பூட்டன்கள் அதைத்தான் செய்தார்கள். இன்று அதே வீடுகளிலிருந்து பிள்ளைகள் ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் படிக்கப் போகிறார்கள். ஹட்டி எனப்படும் ஊர்களில் சொந்தமாகத் தேயிலை போட்டிருக்கும் படுகர் வீட்டுப் பிள்ளைகளும், ஊட்டி, அரவங்காடு, வெலிங்டனில் அரசு வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளும் போகிறார்கள். “அங்க போயி பார்ட் டைம் பாத்துக்கிறேம்மா, நீங்க ஒண்ணும் அனுப்ப வேண்டாம்” என்ற வாக்குறுதி பல வீடுகளில் கேட்கிறது.

போகும் நாடு மாறிவிட்டது. போகும் காரணமும் மாறிவிட்டது. ஆனால் வெளிநாட்டில் ஆகும் செலவின் கணக்கை யார் எழுதுகிறார்கள், அதை யார் படித்துப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மாறவில்லை.

அன்று: கங்காணியின் நோட்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்கள் போனார்கள். கூட்டிப் போனவர் கங்காணி. ஊரிலேயே முன்பணம் கொடுத்தார். வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் அதில் சேர்ந்தது. வேலையில் சேரும் முதல் நாளிலேயே கூலியாள் கடன்காரராக இருந்தார். தோட்டத்தில் அரிசி கொடுத்து அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தம் போக மிஞ்சியதே கையில் வந்த காசு.

கடன் எவ்வளவு என்பது கங்காணியின் நோட்டில் இருந்தது. அதைப் படிக்கக் கூலியாளுக்கு எழுத்து தெரியாது. அவர் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவர் பெயரில் இருக்கும் கடனைக் குறித்த ‘துண்டு’ ஒன்று எழுதப்படும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். ஆள் இடம் மாறினாலும் கடன் அவரைவிட்டுப் போகாது. 1921-இல்தான் இந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. அந்த மக்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை. தன் வரவையும் செலவையும் தானே பார்க்கும் வழி அவர்களுக்கு இல்லாததுதான் கொடுமை.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் இருந்த அந்தத் தோட்ட மக்களின் வழிவந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படித் திரும்பியவர்கள் ‘இராமானுஜம்’ என்ற கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து பல மாவட்டங்களுக்குப் பிரிந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் வனத்துறை தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் 1976-இல் டான்டீ நிறுவனமானது. நீலகிரியே அவர்களில் பலருக்கு ஊராயிற்று. அப்போது சிலருக்குக் கடை வைக்கக் கடன் கொடுத்தார்கள். தோட்ட வேலை தவிர வேறொன்றும் அறியாத குடும்பங்களில் அந்தப் பணம் அதிக நாள் தங்கவில்லை. மொத்தமாகக் கைக்கு வரும் பணத்தை மாத வாழ்க்கையாகப் பிரித்துக்கொள்ள யாரும் சொல்லித்தரவில்லை.

எட்டு டாலர் காலம்

படிப்புக்காகக் கடல் கடந்தவர்கள் அன்று மிகச் சிலர். அவர்களின் சிக்கல் வேறு வகை. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. வெளிநாடு போகிறவர் எடுத்துச் செல்லக்கூடிய பணம் ஒரு காலத்தில் வெறும் எட்டு டாலராக இருந்தது. வீட்டில் பணம் இருந்தாலும் ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் அனுப்ப முடியாது. ஆகவே உதவித்தொகை கிடைத்தவரும், அங்கேயே பல்கலைக்கழக வேலை கிடைத்தவருமே போனார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் வெளிநாட்டு உதவித்தொகை 1950களிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அந்தச் செய்தி தோட்டத்து லைன் வீடுகள் வரை ஏறி வரவில்லை.

அந்தக் காலத்திலும் பணமதிப்பு ஒரே நாளில் கணக்கைக் கவிழ்த்திருக்கிறது. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. முந்தின நாள் 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. ரூபாயை நம்பி வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தவருக்கு அன்றிரவே செலவு ஒன்றரை மடங்குக்கு மேலாயிற்று.

இன்று கதவு அகலத் திறந்திருக்கிறது. 2004-இல் 25,000 டாலருடன் தொடங்கிய தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் இப்போது ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். அன்று அரசின் அனுமதி தடையாக இருந்தது. இன்று வீட்டின் வசதிதான் எல்லை. அந்த எல்லையை நாமே கணித்துக்கொள்ள வேண்டும்.

இன்று: தூதரகம் கேட்கும் தொகை

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பதால் மலையிலிருந்து பலர் அந்தப் பக்கம் பார்க்கிறார்கள். (பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு.) விசாவுக்கு முடக்கக் கணக்கு ஒன்றில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். அது மாதம் 992 யூரோவாகப் பிரித்து விடப்படும். யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் இது ஏறக்குறைய 12 லட்சம். தோட்டத்தில் நாள் கூலி 500 ரூபாய், மாதம் 25 நாள் வேலை என்று கணக்கிட்டால், ஒருவரின் எட்டு ஆண்டுக் கூலி.

கனடா இருபது ஆண்டுகளாக 10,000 கனடா டாலர் காட்டினால் போதும் என்று வைத்திருந்தது. 2024 ஜனவரியில் அது 20,635 ஆயிற்று. 2025 செப்டம்பரில் 22,895 ஆயிற்று. அண்ணன் போனபோது கேட்ட தொகையை வைத்துத் தம்பிக்குக் கணக்குப் போட முடியாது.

இந்தத் தொகை தூதரகம் கேட்கும் குறைந்தபட்சத் தொகைதான். அதை வைத்தே எல்லா ஊரிலும் வாழ்ந்துவிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறிய ஜெர்மன் நகரத்தில் மாணவர் விடுதி அறை 350 யூரோவுக்குக் கிடைத்தது என்று கொள்வோம். மாணவர் மருத்துவக் காப்பீடு சுமார் 145, சாப்பாடு 220, ஒவ்வொரு வீடும் கட்டியே ஆக வேண்டிய வானொலி–தொலைக்காட்சிக் கட்டணம் 18.36, போன் 15, செமஸ்டர் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தால் 50. மொத்தம் 800-க்குள் அடங்கும். 190 யூரோ மிஞ்சும். அதே மாணவர் மியூனிக் போனால் அறை வாடகை மட்டுமே 700, 800 ஆகிவிடும். 992-இல் மாதம் 150 யூரோவுக்கு மேல் துண்டு விழும். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கும் முன் அந்த ஊரின் வாடகையைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

வாடகையிலும் கவனம் வேண்டும். விளம்பரத்தில் சொல்லும் தொகையில் அறையைச் சூடாக்கும் செலவு சேர்ந்திருக்கிறதா, தனியா என்று கேட்க வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஸ்வெட்டரும் கணப்புச் சட்டியுமாக வளர்ந்த நம் பிள்ளைகளுக்குக் குளிர் பயமில்லை. ஆனால் அங்கே வெப்பத்துக்கு மீட்டர் ஓடும். முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்கலாம். அது முடக்கக் கணக்கில் சேராத தனிப் பணம். முடக்கக் கணக்கின் முதல் 992 யூரோவும் விமான நிலையத்தில் கைக்கு வந்துவிடாது. முகவரி பதிந்து, அங்குள்ள வங்கியில் கணக்குத் திறந்த பிறகே வரும். அந்த முதல் வாரங்களுக்கான பணம் கையோடு போக வேண்டும்.

பார்ட் டைம் என்ற நம்பிக்கை

வெளிநாட்டு மாணவர் ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். கனடாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 24 மணி நேரம். இங்கிலாந்தில் பட்டப் படிப்பு மாணவர்களுக்கு 20 மணி நேரம். இவை சட்டம் அனுமதிக்கும் அளவு. வேலை கிடைக்கும் என்ற உத்தரவாதம் இதில் இல்லை.

ஜெர்மனியில் 2025-இன் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. வாரம் 10 மணி நேரம் வேலை கிடைத்தால் நான்கு வாரத்துக்கு 513 யூரோ வரும். ஒரு மாதச் செலவில் பாதி. நல்ல உதவிதான். ஆனால் ஜெர்மன் மொழி பேசத் தெரியாமல் அந்த 10 மணி நேரம் கிடைப்பது கடினம். தேர்வு மாதத்தில் அதுவும் குறையும். ஆகவே முதல் ஆறு மாதத்துக்குப் பார்ட் டைம் வருமானம் என்ற வரியில் பூஜ்யம் போட்டே கணக்கு எழுத வேண்டும். வாடகைக்காக இரவு வேலைக்கு ஓடிப் பாடத்தில் தோற்றால் ஒரு செமஸ்டர் கூடும். அந்த ஒரு செமஸ்டரின் செலவு, பார்ட் டைமில் சேர்த்ததை எல்லாம் விழுங்கிவிடும்.

மலையின் பக்கத்துக் கணக்கு

செலவு யூரோவில், வரவு இலையில். சிறு விவசாயியின் வீட்டில் ஃபேக்டரி கொடுக்கும் இலைப் பணம்தான் சம்பளம். 1998-க்குப் பிறகு பச்சைத் தேயிலை விலை கண்ட வீழ்ச்சியை மலையில் யாரும் மறக்கவில்லை. 2023-இல் கோத்தகிரி அருகே நட்டக்கல்லில், கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பனி கருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் இலை குறையும். பிள்ளைக்கு அடுத்த செமஸ்டர் கட்டணம் வருவதும் அந்தச் சமயத்தில்தான். வரவு வரும் மாதமும் செலவு வரும் மாதமும் பொருந்துகின்றனவா என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

கடன் என்று போனால் மலைக்கே உரிய தடைகள் முன்னே நிற்கின்றன. பெரிய கல்விக் கடனுக்கு வங்கி சொத்து கேட்கும். லைன் வீட்டில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு அந்த வீடே சொந்தமில்லை. கூடலூர், பந்தலூரில் 1969-ஆம் ஆண்டு ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களுக்குப் பட்டா இல்லை. ஹட்டிகளில் பட்டா இன்னும் தாத்தா பெயரில், பங்காளிகளோடு கூட்டாக இருக்கும். ஆகவே வீடுகள் நகையை அடகு வைக்கின்றன, சீட்டை ஏலம் எடுக்கின்றன, இலை ஏஜென்டிடம் முன்பணம் வாங்குகின்றன.

கல்விக் கடன் கிடைத்தாலும் வட்டி காத்திருப்பதில்லை. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். வட்டி ஏறாது என்று சொல்வதில்லை. 12 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்றால் மாதம் 10,000 ரூபாய். இரண்டு ஆண்டுப் படிப்பு முடிவதற்குள் 2,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். ரூபாயில் கடன் வாங்கி யூரோவில் செலவழிக்கும்போது, பணமதிப்பு சரியும் என்று எண்ணி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வைக்க வேண்டும். 2010 வாக்கில் 45 ரூபாயாக இருந்த டாலர் 2025-இல் 85-ஐத் தாண்டியதைப் பார்த்த தலைமுறை நாம்.

உதவும் வழிகளும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மத்திய அரசின் உதவித்தொகைகளும் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகளில் பலருக்கு இவை உரியவை. சொந்தப் பணம் அனுப்பும்போது ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் போனால் வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சியதைத் திரும்பப் பெறலாம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு இந்தப் பிடித்தம் இல்லை.

ஒரே நோட்டு

இவ்வளவு விவரமும் இன்று கைப்பேசியில் கிடைக்கிறது. கங்காணி காலத்துக்கும் நமக்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுதான். அப்படியிருந்தும் பல வீடுகளில் கணக்கை எழுதுவது கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் ஒரு கன்சல்டன்சி ஏஜென்ட். அவர் ஒரு தாளில் “எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்று எழுதித் தருகிறார். சேர்க்கை நடந்தால் அவருக்குக் கமிஷன். பார்ட் டைம் வருமானத்தை அவர் தாராளமாகவே போடுவார். அப்பாவும் அம்மாவும் அந்தத் தாளை நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள். போன பிறகு பிள்ளை வாடகைக்குத் திணறுவதை வீட்டுக்குச் சொல்வதில்லை. வீட்டில் நகை அடகுக்குப் போனதைப் பெற்றோர் பிள்ளைக்குச் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். அந்த மௌனத்தில்தான் கடன் வளர்கிறது.

ஏஜென்டிடம் விண்ணப்ப வேலையைக் கொடுங்கள், கணக்கு நோட்டைக் கொடுக்காதீர்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் மாலை அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் உட்கார்ந்து ஒரே நோட்டில் எழுதுங்கள். ஊரின் வாடகை, முதல் மூன்று மாதக் கைப்பணம், காப்பீடு, வட்டி, இலை குறையும் மாதங்கள், திரும்பி வர ஒரு விமானச் சீட்டின் விலை, இவை ஆறும் அதில் இருக்க வேண்டும். எழுதி முடித்த பிறகு தொகை கைக்கு மீறுகிறது என்று தெரிந்தால் வேறு ஊரைப் பாருங்கள், அல்லது ஒரு வருடம் இங்கே வேலை பார்த்து, மொழி படித்து, பணம் சேர்த்துப் போகச் சொல்லுங்கள். ஒரு வருடம் தள்ளிப் போவதில் அவமானம் ஏதும் இல்லை. பிள்ளை போன பிறகும் மாதம் ஒருமுறை இரு பக்கத்து வரவு செலவையும் மறைக்காமல் பேசிக்கொள்ளுங்கள்.

நம் முன்னோர் கடல் கடந்தபோது கணக்கைப் படிக்க அவர்களுக்கு வழி இல்லை. நமக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் பிள்ளைகளை அனுப்புவது தவறு.