பணியோலை: செய்யறிவுக்குத் தொழில் வகுக்கும் முறை

செய்யறிவு என்பது மாந்தன் செய்தமைத்த அறிவு. அதன் ஒரு வகையாகிய பெருமொழிப் பொறி, அளவிறந்த நூல்களையும் உரைகளையும் பயின்று, சொல்லோ சொல்லின் துண்டோ ஆகிய ஒரு சொற்கூற்றை அடுத்து எச்சொற்கூறு வருவதற்கு வாய்ப்பு மிகுதி என்பதைக் கணித்துக் கணித்தே தன் விடையை வனைகிறது. இப்பொறிக்கு ஒரு பணியையும், அப்பணிக்குரிய அறிவெல்லையையும், பேசும் முறையையும், வாய்மூட வேண்டிய இடத்தையும் முன்னரே எழுதிக் கொடுத்து, ஒரு குறித்த தொழிலுக்குரிய ஆளைப் போல நிற்கச் செய்யலாம். அங்ஙனம் நிற்கும் அதன் நிலையைப் பணியாளுமை என்போம். அதனை நிறுத்தும் எழுத்தைப் பணியோலை என்போம். அரசன் பணித்ததை ஓலையில் எழுதி ஊருக்கு விடுத்த சோழநாட்டில், பொறிக்குப் பணிப்பதை எழுதும் எழுத்துக்கு வேறு பெயர் தேட வேண்டுவதில்லை.

பெயர் அமைந்த பின் கோட்பாட்டுக்கு வருவோம்; அதற்கு நம் ஆற்றின் பங்கீட்டை ஒப்பாகக் கொள்வோம். மேட்டூர் அணையில் திறந்த நீர் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்கு வழிகளில் பங்கிடப்படுகிறது. வெண்ணாற்று நீரில் ஒரு பங்கு தென்பெரம்பூர்த் தலைப்பில் வெட்டாறாகப் பிரிகிறது. அதன்பின் கிளையாறு, வாய்க்கால், மடை எனக் குறுகிக் குறுகிக் கடைமடை வரை செல்கிறது. நீர் ஒன்று, வழிகள் பல. அவ்வாறே பொறி ஒன்று, பணியாளுமைகள் பல. இந்த ஒப்புமையில் எவரும் மறக்கலாகாத ஓர் உண்மை உண்டு: மதகு நீரை உண்டாக்குவதில்லை. அணை வறண்ட ஆண்டில் தலைப்பின் அடைப்புகளை எத்துணை உயர்த்தினும் வெட்டாறு நனையாது. ‘நீ நெல்லறிவில் தலைசிறந்த வல்லுநன்’ என்று பொறியிடம் சொல்லிவிட்டால், அது பயிலாத அறிவு அதனுள் ஊறிவிடாது. வல்லுநனைப் போலப் பேசும் குரல் மட்டுமே மிகும். குரல் மிகுந்து அறிவு மிகாத நிலை, இரண்டும் குறைந்த நிலையைக் காட்டிலும் தீயது.

பின் பணியோலை செய்வது யாது? பொறி ஒவ்வொரு சொற்கூற்றையும் தனக்கு முன் நிற்கும் எழுத்து முழுவதையும் நோக்கியே தேர்கிறது. ஆதலால் வினாவுக்கு முன்னே பணியோலை நிற்கும்போது, அதன்பின் வரும் ஒவ்வொரு தேர்வும் அவ்வோலையின் பக்கம் சாய்கிறது. பரந்து கிடக்கும் வாய்ப்புகளுள் ஒரு பகுதி நெருங்கி வர, ஏனையவை விலகி நிற்கின்றன. பணியாளுமையின் ஆற்றல் முழுவதும் இந்தச் சாய்விலேதான் அடங்கியுள்ளது.

ஓர் உழவர் ‘நெல் மஞ்சளாயிடுச்சு’ என்று மட்டும் எழுதுகிறார் எனக் கொள்வோம். நட்டு இருபது நாளான வயலில் அது தழையூட்டக் குறையாகலாம்; துத்தநாகக் குறையாகலாம்; வடியாது தேங்கிய நீரில் வேர் மூச்சடைத்ததாகலாம்; பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயாகவும் இருக்கலாம். ஏறத்தாழ 110 நாளில் விளையும் ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற குறுவை வகைகளில், நூறு நாள் கடந்தபின் அதே சொற்றொடர், கதிர் முற்றியது என்னும் நற்செய்தி. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன் குவித்துக் காத்திருக்கும் நெல்லைப் பற்றியதாயின் அது, மழையில் நனைந்து நிறம் மாறிய மணிகளை எடுத்துக்கொள்வார்களோ, தள்ளிவிடுவார்களோ என்னும் கவலை. சொல் ஒன்றாயிருக்க, பொருள் மூன்றாகிறது. பணி வகுக்கப்படாத பொறி இம்மூன்றையும் கலந்து எவர்க்கும் உதவாத நீண்ட விடையொன்றை வனையும். அல்லது ஒன்றைத் தானே தேர்ந்து துணிந்து சொல்லிவிடும். பணி வகுக்கப்பட்டதோ முதலில் வினவும். பயிர்காக்கும் ஆளுமை, நட்டு எத்தனை நாள் என்று கேட்கும். அறுவடை ஆளுமை, நூற்றுக்கு எண்பது மணியேனும் முற்றினவா என்று கேட்கும். கொள்முதல் எழுத்தன் ஆளுமை, ஈரம் 17 விழுக்காட்டுக்குள் உள்ளதா, சிட்டாவும் அடங்கலும் கையில் உள்ளனவா என்று கேட்கும். என் கணிப்பில், நல்ல பணியாளுமையை அது தரும் விடையைக் கொண்டு மதிப்பிடுவதினும், அது எழுப்பும் முதல் வினாவைக் கொண்டு மதிப்பிடுவதே முறை.

இனி ஓர் ஓலையை எழுதியே காட்டுகிறேன். புகையான் என்பது நெற்பயிரின் அடித்தூரில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும் பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. தாக்குண்ட பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்து புகை பட்டாற்போலத் தோன்றுதலால் நம் உழவர் அதற்கு இப்பெயரிட்டனர். ஆய்வுக்கூடத்தில் பிறந்த எந்தப் பெயரும் இத்துணைக் குறுகிய வடிவில் இத்துணைப் பொருளைத் தாங்கியதில்லை. அதற்குரிய பணியோலை இது:

“நீ காவிரிப்படுகை நெல் உழவர்க்குப் புகையான் பற்றி மட்டும் விடை கூறுவாய். பயிரின் நாள், நெல்லின் வகை, வயலில் நிற்கும் நீர் ஆகியவற்றை அறியாமல் எதையும் பரிந்துரையாதே. அடித்தூரில் உள்ள பூச்சிகளை எண்ணிச் சொல்லுமாறு கேள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு இரண்டு பூச்சி என்னும் தாங்கெல்லையை எட்டாதவரை மருந்தின் பெயரை எடுக்காதே. முதலில் நீரை வடிக்கச் சொல். மருந்தின் அளவை, இணைத்துள்ள வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் உள்ளபடியே கூறு. அதில் இல்லையெனில், இல்லை என்று சொல்லி, வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வழிகாட்டு. ஐந்து வரிக்கு மிகாமல், பேசும் தமிழில் சொல். நீ பொறியா என்று கேட்டால் மறையாதே.”

இவ்வோலையின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நோக்குக. ‘மட்டும்’ என்னும் ஒரு சொல் எல்லையை வகுக்கிறது. எண்ணச் சொல்லும் வரி, கண்ணால் கண்ட அச்சத்தை அளவாக மாற்றுகிறது. சிலந்தியைப் பற்றிய வரியில் வயலின் உயிரொழுங்கு முழுவதும் குறுகி நிற்கிறது: சிலந்தி புகையானை உண்பது, கண்மூடித் தெளித்த நஞ்சு சிலந்தியையும் கொல்வது, கொல்லவே, சில நாளில் புகையான் முன்னினும் பெருகி எழுவது. தூருக்கு ஒன்று, தூருக்கு இரண்டு என்ற இரண்டு எண்களின் இடைவெளியில் ஒரு சிறிய உயிரின் உழைப்பு அளக்கப்பட்டிருக்கிறது. ‘இல்லையெனில், இல்லை என்று சொல்’ என்பது ஓலையின் தலையாய உறுப்பு. பெருமொழிப் பொறி தான் அறியாததையும் அறிந்தாற்போலத் தொடுத்துரைக்கும் இயல்புடையது. இதனைப் புனைவுரை என்போம். கதை எழுதுவோர்க்குப் புனைவுரை துணையாகலாம். நஞ்சின் அளவைச் சொல்லுமிடத்தில் அது உயிரைப் பறிக்கும். ஆகவே அறிவை ஓலையிலேயே அடைக்க முயலாமல், ஏட்டை அருகில் வைத்து, ஏட்டை நோக்கிச் சொல்லப் பணிப்பதே தகும். அவ்வேடு நம்மிடம் உண்டு. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆய்வு நிலையம் ஒரு நூற்றாண்டாக இம்மண்ணின் நெல்லை ஆய்ந்து எழுதி வைத்துள்ளது.

செயலால் நோக்கின், பணியாளுமைகள் நால்வகைப்படும். ஏட்டை நோக்கி விடை கூறுவது உரைப்பான். மடலும் அறிக்கையும் வரைந்து தருவது எழுதுவான். கணக்கிடுவது எண்ணுவான்; மொழிப்பொறி கூட்டலிலும் பெருக்கலிலும் வழுவுவது உண்டாதலால், இதற்குத் தனிக் கணிப்புக் கருவி ஒன்றையும் இணைத்தல் வேண்டும். நான்காவது ஐயுறுவான். ஏனை மூன்றும் வனைந்ததை எடுத்து, எங்கே தவறியது, எங்கே ஏடு இல்லாமல் பேசியது, எங்கே உழவர் பிழையாகப் பொருள் கொள்வார் என்று தேடுவதே இதன் பணி. பெரும்பாலோர் முதல் மூன்றை அமைத்து மகிழ்ந்து, நான்காவதை மறந்துவிடுகின்றனர். ஒரே பொறிதானே, தன் பிழையைத் தானே எவ்வாறு காணும் எனின், முழுவதும் காணாது. ஆயினும் பிழை தேடுவதே பணி என்று ஓலை சொன்னபின், அதன் சாய்வு மாறிவிடுவதால், முன்பு கண்டுகொள்ளாததில் ஒரு பகுதியையேனும் காண்கிறது. எஞ்சியதைக் காண்பது மாந்தன் கடமை. வரும் வினா எந்த ஆளுமைக்கு உரியது என்று பிரித்து விடுவதற்கு மடைகாப்பான் ஒருவனும் வேண்டும்; அது எளிய பணி.

தொழில் வகுக்கும் இக்கலை நம் மண்ணுக்குப் புதிதன்று. 1010-இல் முடிவுற்ற தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுகள், அங்குப் பணி செய்தோரை வகை வகையாகப் பிரித்து எழுதியுள்ளன. கணக்கர், விளக்கிடுவோர், நீர் தெளிப்போர், தையல் வேலையர், குயவர் என ஒவ்வொரு பணிக்கும் ஆளும் பங்கும் குறிக்கப்பட்டுள்ளன. ஒரு பங்கு என்பது ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்த 100 கலம் நெல். அளக்கும் கருவியின் பெயரும் கல்லில் உண்டு. பணி செய்தவர் இறந்தாலோ வேற்றுநாடு சென்றாலோ அடுத்த உறவினர் அப்பணியைச் செய்ய வேண்டும். அவர் தகுதியற்றவராயின், தகுதியுடைய ஒருவரைத் தாமே அமர்த்த வேண்டும் என்றும் கல் கூறுகிறது. பணி, அளவு, தகுதி, தகுதியின்மை நேர்ந்தால் செய்வது என நான்கையும் ஒருங்கே வைத்து எழுதிய அந்த ஒழுங்கு, இன்று நாம் பொறிக்கு எழுதும் ஓலையின் ஒழுங்கே ஆகும். பங்கு மட்டும் பொறிக்கு வேண்டுவதில்லை.

மேலைநாட்டில், பொறிக்கு எழுத்தால் பணி வகுக்கும் முறையின் முதல் விளக்கமான எடுத்துக்காட்டு 1966-இல் தோன்றியது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பப் பயிலகத்தில் ஜோசப் வெய்சன்பாம் ‘எலிசா’ என்னும் உரையாடு நிரலைச் செய்தார். நிரல் வேறு, அதற்குப் பேசும் முறையைத் தரும் எழுத்து வேறு என அவர் பிரித்தது கருதத்தக்கது. ‘டாக்டர்’ என்று பெயரிட்ட எழுத்தைக் கொடுத்தபோது எலிசா உளமருத்துவரைப் போலப் பேசியது. பேசுவோரின் சொல்லையே திருப்பி வினாவாக்குவதன்றி அது எதையும் அறிந்திருக்கவில்லை. ஆயினும் அது வெறும் நிரல் என்று அறிந்திருந்த அவருடைய செயலரே, தனித்து அதனோடு பேச விரும்பி அவரை அறையை விட்டு வெளியே செல்லக் கேட்டுக்கொண்டார். வெய்சன்பாம் இதனால் கலக்கமுற்று, 1976-இல் கணினிக்கு ஒப்படைக்கலாகாத பணிகள் உண்டு என்று வாதிடும் நூலொன்று எழுதினார். ‘நீ பொறியா என்று கேட்டால் மறையாதே’ என்னும் வரியை நம் ஓலையில் சேர்த்தது இதனை எண்ணியே.

நம் நாட்டில் உழவர்க்கெனப் பணி குறுக்கி அமைத்த பொறிக்கு எடுத்துக்காட்டு, நடுவண் அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய ‘கிசான் இ-மித்ரா’. ஆண்டுக்கு 6,000 உருவா மூன்று தவணைகளில் வழங்கும் பி.எம்.-கிசான் திட்டத்தைப் பற்றிய வினாக்களுக்கு விடையளிப்பதே அதன் தொடக்கப் பணி. முதலில் வந்த ஐந்து மொழிகளுள் தமிழும் ஒன்று. எல்லா வினாவுக்கும் விடை சொல்ல முற்படாமல், ஒரு திட்டத்தின் எல்லைக்குள் நின்று தொடங்கியதை நான் நெஞ்சாரப் பாராட்டுகிறேன். தவணை வந்ததா, வரவில்லையெனில் எங்கே தடைப்பட்டது என்பதை உழவர் தம் மொழியில், எழுதியோ பேசியோ கேட்கும் நிலை சிறியதன்று.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. இன்றைய பொறிகள் பலவற்றில், ஆங்கிலத்தில் சில சொற்கூறுகளில் அடங்கும் கருத்து தமிழில் பல சொற்கூறுகளாகச் சிதைகிறது. பொறிகள் பயின்ற எழுத்தில் தமிழின் பங்கு மிகச் சிறிது. அதிலும் வயலில் வழங்கும் தமிழ் மிக மிகச் சிறிது. தலைமடை, கடைமடை, தூர், குத்து, பட்டம், தாளடி, சிப்பம் என்பவை இங்கே கைக்குழந்தையும் கேட்டு வளரும் சொற்கள். பொறிக்கு அவை அரிய சொற்கள். இக்குறை தமிழின் குறையன்று, நாம் எழுதி வைக்காத குறை. 1981-இல் நிறுவப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியத்தைத் தொகுதி தொகுதியாகத் தமிழில் கொணர்ந்தது. எந்த அறிவையும் தமிழ் தாங்கும் என்பது அங்கே ஏற்கெனவே மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. எஞ்சியிருப்பது களத்துமேட்டின் சொற்களை ஏட்டில் ஏற்றும் பணி. பணியோலையுடன் ஒரு சொற்பட்டியை இணைத்து, ‘பட்டம் என்பது இங்கு, காற்றும் ஒளியும் அடித்தூரை எட்டுமாறு நடவில் விடும் இடைவெளி’ என்று ஒரு வரி எழுதினாலே, பொறியின் விடை மாறிவிடும்.

ஆதலால் படுகையின் இளைஞர்க்கும், உழவர் குழுக்களில் எழுத்துப்பணி செய்வோர்க்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த குறுவைக்கு மேட்டூர் திறக்குமுன், உங்கள் ஊரின் மூத்த உழவர் ஒருவரிடம் அமர்ந்து, பயிர் மஞ்சளிப்பதற்கும் கருகுவதற்கும் சாய்வதற்கும் அவர் வழங்கும் சொற்களை எல்லாம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பொருளோடு எழுதி வையுங்கள். உங்கள் முதல் பணியோலையை அந்தத் தாளிலிருந்து தொடங்குங்கள்.