வீட்டு நாயைப் பேணும் முறை

யானையின் நட்பைவிட நாயின் நட்பே மேலானது என்று நாலடியார் கூறுகிறது. இத்தகைய நன்றியுள்ள பிராணியை வளர்க்கும் நாம் அதற்குச் செய்ய வேண்டிய கடமைகள் யாவை?

நம் ஊரிலேயே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. ரமண மகரிஷி ஆசிரமத்து நாய்களை 'அது' என்று கூறாமல் 'அவன்', 'அவள்' என்றே குறிப்பிடுவார். ஜாக்கி என்னும் நாயின் சமாதியை இன்றும் அங்கே காணலாம்.

குட்டியை 8 வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. வெறும் பால் சோறு மட்டும் அதற்குப் போதாது. வேகவைத்த முட்டை, இறைச்சி ஆகியவற்றையும் சோற்றுடன் கலந்து தர வேண்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சாகும். வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

நமக்கு வியர்ப்பது போல் நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே அது சூட்டைத் தணித்துக் கொள்கிறது. ஆகவே, சித்திரை வெயிலில் அதைத் தகரக் கொட்டகையில் கட்டுவது கொடுமை. அடர்ந்த மயிருள்ள குளிர்நாட்டு நாய்களைவிட நம் தெருக்குட்டியும், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை இனங்களும் இவ்வெயிலைத் தாங்கும். தீபாவளிக்கும் கார்த்திகை தீபத்திற்கும் வெடி வெடிக்கும்போது நாயை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துவோம். அதன் செவி நம் செவியைவிடக் கூர்மையானது.

எல்லாவற்றிலும் முக்கியமானது வெறிநோய்த் தடுப்பூசி. குட்டிக்கு 3 மாதம் ஆனதும் முதல் ஊசி போட்டு, பின்னர் கால்நடை மருத்துவர் கூறும் நாட்களில் தவறாது தொடர வேண்டும். மனிதருக்கான தடுப்பு மருந்தை லூயி பாஸ்டர் 1885-ஆம் ஆண்டில் முதன்முதலாகச் சிறுவன் ஒருவனுக்குச் செலுத்தினார். 1907-இல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிலையம் தோன்றியது. ஆயினும் நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது.

ஆகவே தோழியரே, நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ வீட்டில் திட்டுவார்கள் என்று அஞ்சி மறைக்காதீர்கள். வளர்த்த நாயாயினும், சிறு கீறலாயினும் உடனே பெரியவர்களிடம் கூறுங்கள். காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் தடவ வேண்டா. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே ஊசி இலவசம். எல்லாத் தவணைகளையும் முடிப்பது அவசியம்.

குட்டியாக இருக்கையில் கொஞ்சிவிட்டு, வளர்ந்தபின் கிரிவலப் பாதையில் விட்டுச் செல்வது நன்றியாகுமா? பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் காக்க இயலுமா என்று முதலில் எண்ணுவோம். இயலுமெனில் மட்டுமே வளர்ப்போம்.