யானையைக் கொடுத்த இயந்திரம்

யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முதுமொழி. மனிதனுக்கு அடி சறுக்குவதில் வியப்பொன்றுமில்லை. கணக்கன்றி வேறெதனையும் அறியாத ஓர் இயந்திரத்துக்கு அடி சறுக்குமாயின் அது வியப்பன்றோ? அவ்வாறு சறுக்கியது என்று பார்த்திருந்தோர் யாவரும் தீர்ப்புக் கூறிய நிகழ்ச்சியொன்று 1977ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், கனடாவின் ரொறன்ரோ நகரில் நடந்தது. அதனைச் சற்று நின்று ஆராய்வோமாயின், பிழை என்பதுதான் யாது என்ற வினா நம் முன் எழுகின்றது.

கணனிகளுக்கிடையிலான உலகச் சதுரங்கப் போட்டி முதன்முதலாக 1974இல் சுவீடன் நாட்டுத் தலைநகரான ஸ்ரொக்ஹோமில் நடைபெற்றது. அங்கு ஆடிய நான்கு ஆட்டங்களிலும் வென்று முடிசூடியது சோவியத் நாட்டின் 'கைசா'. மொஸ்கோ அறிஞர்கள் ஆக்கிய ஆட்ட நிரல் அது. வடமொழியாராய்ச்சியாற் புகழ்பெற்ற சேர் வில்லியம் ஜோன்ஸ் தம் இளமையில் இயற்றிய கவிதையொன்றிற் சதுரங்கத்துக்குரிய வனதேவதையாக வருபவளின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தனர். மூன்றாண்டுகளின் பின் ரொறன்ரோவிற் கூடிய பதினாறு நிரல்களுள்ளும் கைசாவே முன்னைய வெற்றிவீரன். அதனை எதிர்த்தது அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த 'டச்சஸ்'. வெள்ளைக் காய்கள் டச்சஸுக்கு. கறுப்புக் காய்கள் கைசாவுக்கு.

சபையோர் கண்ட பிழை

முப்பத்துநான்காவது நகர்வில், வெள்ளை அரசி பலகையின் மறுகோடிக்குப் பாய்ந்து கறுப்பு அரசனுக்குச் 'செக்' வைத்தாள். அரசன் ஒரு கட்டம் முன்னே விலகினாற் போதும் என்றே எல்லோருக்கும் தோன்றிற்று. ஆனாற் கைசா அவ்வாறு செய்யவில்லை. தன் யானையைக் கொணர்ந்து, அரசிக்கும் அரசனுக்கும் இடையே நிறுத்தியது. அந்த யானைக்குக் காவலில்லை. வெள்ளை அரசி அதனை விலையின்றி வெட்டிக்கொண்டாள். அதன்பின் கறுப்புக்கு மீட்சி இல்லாது போயிற்று. ஆட்டம் டச்சஸுக்கே ஆயிற்று.

பார்த்திருந்தோர் சாமானியரல்லர். உலக வெற்றிவீரராகப் பலகாலம் விளங்கிய மிக்கேல் பொட்வின்னிக்கும் அங்கிருந்தார். அவர் மின்பொறியியலாளர், சதுரங்க நிரலொன்றை ஆக்கும் பணியிலும் ஈடுபட்டிருந்தவர். அவர் உட்பட எவருக்கும் அந்த நகர்வின் காரணம் புலப்படவில்லை. நிரலில் எங்கோ கோளாறு புகுந்துவிட்டது என்றே கருதினர்.

இயந்திரம் சொன்ன விடை

ஆட்டம் முடிந்தபின் கைசாவை ஆக்கியோர் ஒரு நற்காரியம் செய்தனர். அதே நிலையை மீண்டும் அதன்முன் வைத்து, "அரசனை விலக்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?" என்று வினவினர். விடை அனைவரையும் திகைக்க வைத்தது.

அரசன் விலகியிருப்பின், வெள்ளை தன் அரசியையே அவனருகிற் கொண்டுபோய்ப் பலியிட்டிருக்கலாம். அவளை வெட்டுவதன்றிக் கறுப்பு அரசனுக்கு வேறு வழியில்லை. வெட்டி, முதல் வரிசையிற் கால் வைத்ததும், வெள்ளையின் மந்திரி மூலைவழியாக வந்து செக் வைப்பார். அடுத்து வெள்ளை யானை அவ்வரிசைக்கே வந்து சேரும். கறுப்புத் தன் அரசியையும் யானையையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே இட்டாலும் அவை வெட்டுண்ணும். அரசியின் பலியிலிருந்து எண்ணினால், ஐந்தாம் நகர்வில் 'செக்மேற்'. யானையை இழந்தாற் சில நாழிகையேனும் உயிர் தரிக்கலாம். அரசன் விலகினால் உடனே மரணம். ஆகவே கைசா யானையைக் கொடுத்தது. சபையோர் பிழை என்றது அந்நிலையில் ஆராய்ந்து செய்த தெரிவே. கறுப்பின் உண்மையான கேடு, அந்தச் செக் விழுமுன்னரே நேர்ந்துவிட்டது.

இத்துடன் வழக்கு முடிந்ததா? இல்லை என்றே நாம் கருதுகின்றோம். கிளோட் ஷனன் என்னும் அமெரிக்க அறிஞர் 1950இல் வெளியிட்ட கட்டுரையில், சதுரங்கமாடும் இயந்திரத்துக்கு ஓர் அடிப்படை நெறியை விளக்கினார். எதிராளி எப்பொழுதும் தனக்கு மிகச் சிறந்ததையே ஆடுவான் எனக் கொண்டு கணக்கிட வேண்டும் என்பதே அது. கைசாவும் அந்நெறி வழுவாதது. தான் கண்டதை டச்சஸும் காணும் என்றே அது கொண்டது.

ஒரு மனிதன் அவ்விடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பான்? "யானை போனால் தோல்வி உறுதி. அரசியைப் பலியிடும் அந்த வழியோ எளிதிற் புலப்படாதது. எதிராளி காணாதுவிடின் பிழைத்தோம்" என்றெண்ணி, அரசனை விலக்கிப் பார்த்திருப்பான். பொட்வின்னிக்கே காணாததை டச்சஸ் கண்டிருக்குமோ? இவ்வாறு நோக்கின், யானையைக் கொடுத்தது வேறொரு வகையிற் பிழையே. கணக்கிற் பிழையன்று, எதிராளியின் அறியாமைக்குக் கணக்கில் இடம் வையாத பிழை. பிறரும் தம்மளவு அறிவுடையோர் என மதித்து ஏமாறும் நல்லோர் நம்மிடையேயும் உளரல்லரோ?

கைசா அப்போட்டியில் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டது; முதலிடம் அமெரிக்காவின் 'செஸ் 4.6' என்னும் நிரலுக்குச் சென்றது. 1997இல் 'டீப் புளூ' என்னும் கணனி உலக வெற்றிவீரர் கஸ்பரோவையே ஓர் ஆட்டத் தொடரில் வென்றது. இன்று சிறுவர் கையிலுள்ள தொலைபேசியும் அந்த அரசிப் பலியை இமைப்பொழுதிற் காட்டிவிடும்.

ஆயினும் ரொறன்ரோ ஆட்டம் கற்பித்த பாடம் பழையதாகவில்லை. கணக்கை ஆராயாது விடையை மட்டும் பார்த்துச் சிவப்பு மையாற் கோடிழுப்பது ஆசிரியர்க்கு எளிது; பெற்றோர்க்கும் எளிது. பிள்ளையொன்று நமக்கு விளங்காத செயலைச் செய்யும்போது, "ஏன் இவ்வாறு செய்தாய்?" என்று கேட்பதற்கு ஒரு நிமிடமே போதும். கேட்டபின்பும் பிழை பிழையாகவே இருத்தல் கூடும். ஆனால் அது எவ்விடத்துப் பிழை என்பதை அப்பொழுதுதான் அறிவோம். வாய்பேசாத இயந்திரத்தினிடத்தும் காரணம் கேட்டனர் சிலர். வாயுள்ள பிள்ளையிடம் நாம் கேட்கலாகாதா?