படம் வரைய அரசே பணம் தருது... உங்க வயசு என்ன?

'கேன்வாஸ் வாங்கவே காசில்லை' என்று புலம்பும் ஓவியரா நீங்க? மத்திய கலாசார அமைச்சகத்தின் உதவித்தொகை இருக்கே!

18 - 25 வயது என்றால், இளம் கலைஞர் உதவித்தொகை: மாதம் 5,000 ரூபாய். குருவிடமோ, கல்லூரியிலோ 5 வருடப் பயிற்சி அவசியம். 25 - 40 வயது என்றால், ஜூனியர் ஃபெல்லோஷிப்: மாதம் 10,000. இதற்கு டிகிரியும், என்ன செய்யப்போறீங்க என்ற திட்ட அறிக்கையும் வேணும். இரண்டுமே 2 வருடங்களுக்கு. அறிவிப்பு சி.சி.ஆர்.டி இணையதளத்தில் வரும்.

ஒண்ணு மட்டும் கவனம். பணம் மாதச் சம்பளம்போல வராது. ஆறு மாதத் தவணையாத்தான் வரும். அதனால, வாடகைக்கு வேற வழி வெச்சுக்கோங்க.

உங்க ஓவியங்களை இப்பவே நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து, அளவு, வருடம் குறிச்சு வைங்க. அறிவிப்பு வந்தபிறகு தேடினா, கடைசித் தேதி போயிடும். அடுத்த அறிவிப்புக்குள்ள வயசும் தாண்டிடலாம்!