துலா மிதித்த கால்கள்

திருவாரூர் மாவட்டத்துக் கூத்தாநல்லூரைச் சூழ்ந்த வயல்களுக்கு வெண்ணாறும் அதன் கிளைகளும் நீர் வழங்குகின்றன. நீர் தானே வந்து பாயும் இத்தகைய நிலத்தில் நீர் இறைக்கும் பொறிக்கு என்ன வேலை என்னும் வினா எழலாம். ஆறு நிறைந்தோடும் நாள்களில் அதற்கு வேலையில்லை. நீர்மட்டம் தாழ்ந்து மதகின் வாயை எட்டாதபோது, கண்ணெதிரே நீர் இருந்தும் மேட்டுவயலில் நாற்று கருகும். அந்தச் சில முழ உயரத்தைக் கடக்கக் காவிரிப் படுகை உழவர் கையாண்ட பொறிகளுள் ஒன்று ஏற்றம். பாரசீகத்தின் சீஸ்தான் பகுதியில் 10ஆம் நூற்றாண்டிலேயே காற்றைக் கொண்டு ஆலைகளை இயக்கினர். ஏற்றத்திலோ, காற்றின் இடத்தில் மனித உடலின் எடை நின்றது.

கரையில் இரண்டு ஏற்றக்கால்களை ஆழ ஊன்றி, அவற்றின் உச்சியில் குறுக்கே ஓர் அச்சினைப் பொருத்துவர். அவ்வச்சின்மீது துலா என்னும் நீண்ட மரம் ஏறி இறங்கும். துலாவின் நுனியில் மூங்கிலாலான ஏற்றக்கோலும், கோலின் அடியில் தோலாலோ இரும்புத் தகட்டாலோ செய்த சாலும் தொங்கும். சிறிய ஏற்றத்தில் துலாவின் பின்முனையில் கல்லைக் கட்டுவர். ஒருவரே கோலைக் கீழே இழுத்துச் சாலை நீரில் முக்க, நிறைந்த சாலைக் கல்லின் எடை மேலே தூக்கிவிடும்.

பெரிய ஏற்றத்தில் கல்லின் வேலையை ஆளே செய்வார். ஒருவரோ இருவரோ துலாவின்மீது ஏறி நடப்பர்; பிடித்துக்கொள்ள மூங்கில் கட்டியிருக்கும். அவர்கள் நுனியை நோக்கி நடந்தால் சால் தாழும். பின்முனைக்குத் திரும்பினால் உயரும். கீழே நிற்பவர் சாலைப் பற்றிக் கவிழ்த்து நீரை வாய்க்காலில் விடுவார். நிறைந்த சால் 60 கிலோ எடையுடன் அச்சிலிருந்து 3 மீட்டர் தொலைவில் தொங்குவதாகவும், துலாவின் எடையை விட்டுவிடுவதாகவும் கொள்வோம். அதைச் சமன்செய்ய 50 கிலோ எடையுள்ள ஒருவர் மறுபுறம் 3.6 மீட்டர் செல்ல வேண்டும். இருவர் சேர்ந்தால் 1.8 மீட்டரே போதும். எனினும் நெம்புகோல் ஆற்றலைப் படைப்பதில்லை. சால் நீரில் அமிழ்ந்திருக்கையில் பின்முனை உயர்ந்து நிற்கும். அந்தச் சரிவில் ஏறிய கால்களே நீரை உயர்த்தின. கால் வழுக்கினால் விழுவது கிணற்றுக்குள். நெடுநேரம் உழைக்கும் ஒருவரின் திறன் ஏறத்தாழ 75 வாட் எனக் கொண்டால், இன்றைய 5 குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய ஐம்பது பேருக்கு நிகர்.

இறைத்த சால்களை எண்ணவும், மேலிருப்பவரும் கீழிருப்பவரும் தாளம் தவறாமல் இயங்கவும் ஏற்றப்பாட்டு உதவியது. அப்பாட்டின் ஓரடியைக் கேட்ட கம்பர், அடுத்த அடி இன்னதென்று அறிய மறுநாள் வரை காத்திருந்தார் என்று செவிவழிக் கதையொன்று உண்டு.

சோழர் காலச் செப்பேடுகள் காட்டும் ஏற்றம் வேறு வகையானது. 'குற்றேத்தம்', 'கூடைநீர்' என்னும் சொற்கள் அவற்றில் வருகின்றன. முன்னது சிறிய ஏற்றம். பின்னது கூடையால் இறைக்கும் நீர். கொடையாக அளித்த ஊரின் வாய்க்காலில் பிறர் இவ்விரு வழிகளாலும் நீர் கொள்ளலாகாது என விதித்தனர். இரண்டு கால்களும் ஒரு துலாவும் கிடைத்தால் அடுத்த ஊரின் நீரை ஓரிரவில் தம் வயலுக்குத் திருப்பிவிடலாம். அதனாலேயே பொறியைப் பெயர் சொல்லித் தடுத்தனர் போலும்.