குடும்ப அறக்கட்டளையும் அறங்காவலரும்: மூவாரில் வேர்விட்ட ஓர் அறம்

முன்னுரை

செல்வர் ஒருவர் தம் பொருளை அறத்திற்கென ஒதுக்குவது அரிய செயல். அவர் மறைந்த பின்னரும் அவ்வறம் அவர் கருதிய வழியிலேயே நடைபெறுவது அதனினும் அரிது. அந்நிலை வாய்க்க வேண்டுமாயின், பொருளையும் கொடுத்தவரின் கருத்தையும் ஒருங்கே காக்கும் மாந்தர் தேவை. அவர்களையே அறங்காவலர் என்கிறோம்.

குடும்பம் ஒன்று நிறுவிய அறக்கட்டளையை ஆள்வோர் யாவர், அவர்தம் கடமைகள் யாவை, சில அறக்கட்டளைகள் நிலைபெறச் சில தளர்வது எதனால் என்பவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஜொகூர் மாநிலத்து மூவார் நகரில் எழுந்த வணிகத்தின் பயனாகிய லீ அறக்கட்டளையை இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்கிறோம். ஒப்புநோக்கும் பொருட்டுத் தமிழகத்துச் சான்றுகள் இரண்டினையும் சுருக்கமாகக் காண்போம்.

அறத்தின் முதலும் காவலும்

அறக்கட்டளை என்னும் அமைப்பு மேலை நாட்டிலிருந்து நமக்கு வந்த புதுமை என்று கருதுவோர் உளர். சோழர் காலக் கல்வெட்டுகள் அக்கருத்தை மறுக்கின்றன. கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று எரிப்பதற்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் கொடையாக அளிக்கப்பட்டன. ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தனர். இறந்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்புமாதலின் மந்தையின் எண்ணிக்கை குறைவதில்லை. எனவே கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் குறித்தன. இன்று நாம் வைப்பு முதல் என வழங்கும் கருத்து அத்தொடரிலேயே அடங்கியுள்ளது எனலாம். முதலைத் தொடாமல் அதன் விளைவைக் கொண்டே அறம் நடத்துதல் என்பதே அக்கருத்து.

அக்கொடைகளில் மற்றொரு கூறும் உண்டு. கொடையைக் காக்கும் பொறுப்பு ஊர்ச்சபை, கோயில், அடியார் குழாம் எனப் பலரிடத்தும் வைக்கப்பட்டது. கொடுத்தவரின் மரபினரை மட்டும் நம்பி அறம் விடப்படவில்லை. முதலைக் காத்தல், கருத்தைக் காத்தல், காவலைப் பலரிடம் வைத்தல் ஆகிய இம்மூன்றும் இக்கட்டுரை முழுவதும் நமக்கு அளவுகோலாக அமைகின்றன.

மூவாரில் எழுந்த முதல்

லீ கொங் சியான் 1893இல் சீனாவின் ஃபுஜியன் மாநிலத்தில் பிறந்தவர். 1903இல் பத்து வயதுச் சிறுவராகச் சிங்கப்பூர் வந்தார். அங்கு அவர் பயின்ற பள்ளிகளுள் ஆங்கிலோ-தமிழ்ப் பள்ளியும் ஒன்று என்பது தமிழாசிரியர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும். பின்னர்ச் சீனாவில் உயர்கல்வி கற்றுத் திரும்பி, ரப்பர் வணிகத்தில் புகழ்பெற்று விளங்கிய டான் கா கீயின் நிறுவனத்தில் சேர்ந்தார். 1920இல் அவர்தம் மகளை மணந்தார். 1920களின் இறுதியில் மூவாரில் ரப்பர் புகையறை ஒன்றைத் தொடங்கித் தமக்கெனத் தொழில் கண்டார். அதுவே லீ ரப்பர் நிறுவனமாக வளர்ந்தது.

மாமனாரின் அறப்பணி மருமகனுக்கு ஒரு படிப்பினையாக அமைந்திருக்கும் என்று கருத இடமுண்டு. டான் கா கீ 1921இல் சியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். அதன் செலவுக்கு அவர்தம் வணிக வருவாயே பெரிதும் துணையாக இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தது. 1934இல் அவர் நிறுவனம் மூடப்பட்டது. 1937இல் பல்கலைக்கழகம் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. கொடையாளரின் உள்ளம் எள்ளளவும் மாறவில்லை. ஆயினும் ஆண்டு வருவாயைச் சார்ந்து நின்ற அறம் வருவாயோடு சேர்ந்து வீழ்ந்தது.

லீ கொங் சியான் கொண்ட முறை வேறு. 1952இல் சிங்கப்பூரில் லீ அறக்கட்டளையை நிறுவி, தம் செல்வத்தின் பெரும்பகுதியை அதன் உடைமையாக்கினார். அதன் மலாயாக் கிளை 1960இலும் ஹாங்காங் கிளை 1965இலும் அமைந்தன. செல்வம் ஒருவரது கையிலிருந்து நீங்கி அறத்தின் கைக்கு மாறியமையால், 1967இல் அவர் மறைந்தபோதும் அறம் தடைபடவில்லை. சாவா மூவாப் பேராட்டின் கருத்து பங்குமுதல் வடிவில் மீண்டும் செயற்பட்டதை இங்கே காண்கிறோம்.

இம்முதல் எங்கிருந்து விளைந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. அக்கால மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியோருள் பெருந்தொகையினர் தமிழர். மூவார், சிகாமட், குளுவாங் வட்டாரத் தோட்டங்களின் வரலாறு அவர்தம் உழைப்பின் வரலாறே. ரப்பர் வணிகத்தால் எழுந்த எந்த அறத்திலும் அவ்வுழைப்பின் பங்கு கலந்திருக்கிறது.

நிபந்தனையின் வலிமை

கொடை எவ்வாறு அளிக்கப்பட்டது என்பது கொடையின் அளவினும் முதன்மையானது. இதற்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் தக்க சான்றாகும். அந்நாளைய ராஃபிள்ஸ் நூலகம் கட்டணம் செலுத்துவோருக்குரிய ஆங்கில நூலகமாக விளங்கியது. 1953இல் லீ கொங் சியான் புதிய கட்டடத்திற்கென 375,000 வெள்ளி வழங்க முன்வந்தார். கட்டணமின்றி அனைவர்க்கும் திறந்த பொது நூலகமாக அது அமைதல் வேண்டும். உள்ளூர் மக்களின் மொழிகளையும் பண்பாட்டையும் அது ஊக்குவித்தல் வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். 1957 ஆகஸ்டு 16ஆம் நாள் அவரே அடிக்கல் நாட்டினார். 1960 நவம்பர் 12ஆம் நாள் நூலகம் திறக்கப்பெற்றது. மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழி நூல்களுக்கு அங்கே உரிய இடம் கிடைத்தது.

தமிழ் நூல்கள் அந்நூலகத்தில் இடம்பெறுவதற்கு அந்நிபந்தனை ஒரு வலுவான அடித்தளமாயிற்று. தமிழர் ஒருவரும் எழுதாத நிபந்தனை அது என்பதும் எண்ணத்தக்கது. ஏறத்தாழ அதே காலத்தில், 1950களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை உருவானபோது தமிழுக்கு உரிய இடம் வேண்டி ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். எளிய மக்களிடமிருந்து சிறுசிறு தொகைகளாகத் திரண்ட அந்நிதி பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்திற்குத் துணையாயிற்று. முன்னது செல்வக் குடும்பத்தின் கொடை. பின்னது மக்களின் கொடை. இரண்டும் இன்னது செய்க எனத் தெளிவாக வரையறுத்தே அளிக்கப்பட்டன. இரண்டின் பயனையும் இன்றைய ஆய்வாளர் துய்க்கின்றனர்.

இரண்டாம் தலைமுறையின் ஆட்சி

நிறுவனர் மறைந்த பின் அறக்கட்டளை முதன்முறையாகச் சோதனைக்கு உள்ளாகிறது. லீ அறக்கட்டளையின் தலைமையை மூத்த மகன் லீ செங் கீ ஏற்று, 2016இல் தாம் மறையும்வரை அதனை வழிநடத்தினார். விளம்பரத்தை விரும்பாத இயல்பும், இனம், மொழி, சமயம் பாராமல் வழங்கும் கொள்கையும் அவர்தம் ஆட்சியின் அடையாளங்கள். தந்தையின் கருத்தை அடுத்த தலைமுறை எவ்வாறு பொருள் கொண்டது என்பதை இரு கொடைகள் காட்டுகின்றன.

முதலாவது, 2003இல் தேசிய நூலக வாரியத்திற்கு அளித்த 60 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி. 1953இல் தந்தை தொடங்கிய பணியை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மக்கள் தொடர்ந்தனர். விக்டோரியா சாலையில் எழுந்த புதிய கட்டடத்தில் லீ கொங் சியான் மேற்கோள் நூலகம் 2005இல் அமைந்தது. சிங்கப்பூர், மலேசியத் தமிழ் இலக்கியத்தை ஆராய்வோர் அதன் தமிழ்த் தொகுப்பை நன்கறிவர்.

இரண்டாவது, இயற்கை மரபுடைமை பற்றியது. பழைய ராஃபிள்ஸ் அருங்காட்சியகம் மலாயாத் தீபகற்பத்துக் காடுகளிலும் கடல்களிலும் திரட்டிய உயிரின மாதிரிகளைக் காத்து வந்தது. 1970களில் அருங்காட்சியகத்தின் நோக்கம் கலை, வரலாறு எனத் திரும்பியபோது அத்தொகுப்பு பல்கலைக்கழகப் பொறுப்பில் விடப்பட்டு, இடம் விட்டு இடம் பெயர்ந்தது. அங்கே புகழுடன் தொங்கிய திமிங்கில எலும்புக்கூடு 1974இல் மலேசியாவிற்குக் கொடுக்கப்பட்டது. ஆய்வாளரும் அருங்காட்சியகப் பணியாளரும் எஞ்சியவற்றைப் பொறுமையுடன் காத்தனர். 2010இல் லீ அறக்கட்டளை 25 மில்லியன் வெள்ளி வழங்கியது. பிறர் கொடையும் சேர்ந்தது. லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2015இல் திறக்கப்பெற்றது. அழிந்துவரும் உயிரினங்களைப் பற்றி அறிய விரும்புவோர்க்கு நூற்றாண்டிற்கு முந்திய மாதிரிகள் ஒப்பற்ற சான்றுகள். ஓர் ஊரில் எந்தப் பறவை இருந்தது என்று தெரிந்தால்தான் எது மறைந்தது என்று சொல்ல இயலும்.

இங்கே ஒன்றினைக் கருதுதல் வேண்டும். அறக்கட்டளை பணம் அளித்தது. தொகுப்பைத் தேர்ந்தறிந்து காத்தவர்கள் துறை வல்லுநர்கள். நல்ல அறங்காவலர் தமக்குத் தெரியாத துறையில் தெரிந்தோரைத் தேடிக் கண்டு அவரிடம் பொறுப்பை ஒப்படைப்பர்.

தமிழகச் சான்றுகள்

குடும்பம், கலை, இயற்கைக் காப்பு ஆகிய மூன்றும் இணைந்த அமைப்பு சென்னையிலும் உண்டு. 1966இல் மறைந்த சர் சி. பி. இராமசாமி ஐயரின் பெயரால் அமைந்த அறக்கட்டளை, அவர் வாழ்ந்த ‘தி குரோவ்’ இல்லத்தையே தன் நிலையமாகக் கொண்டது. அவர்தம் கொள்ளுப்பேத்தி நந்திதா கிருஷ்ணா அதனைப் பொறுப்பேற்று நடத்தினார். நடுவண் அரசின் துணையுடன் 1989இல் தொடங்கப்பெற்ற சி. பி. ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் கோயிற்காடுகளை மீட்கும் பணியில் ஈடுபட்டது. காஞ்சிபுரத்துப் பழைய குடும்ப இல்லம் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகமாயிற்று. நந்திதா கிருஷ்ணா கலை வரலாற்று ஆய்வாளர். மரபுரிமையும் துறையறிவும் ஒருவரிடத்தே சேர்ந்தமை இங்கு வாய்த்த நன்மையாகும்.

மறுதலையான படிப்பினையும் உண்டு. அண்ணாமலைச் செட்டியார் 1929இல் பல்கலைக்கழகத்தையும் 1943இல் தமிழிசைச் சங்கத்தையும் நிறுவித் தமிழுக்கு ஆற்றிய தொண்டு பெரிது. பல்கலைக்கழகத்தின் இணைவேந்தர் பதவி நிறுவனர் குடும்பத்திற்கு வழிவழி உரியதாகச் சட்டத்திலேயே வகுக்கப்பட்டது. பல்லாண்டுகளுக்குப் பின் அந்நிறுவனம் கடும் நிதி நெருக்கடிக்குள்ளாக, 2013இல் தமிழ்நாட்டு அரசு புதிய சட்டம் இயற்றி அதனைத் தன் ஆட்சியின்கீழ்க் கொணர்ந்தது. இருக்கை பிறப்பால் உறுதியாவது நிதியை உறுதிப்படுத்துவதில்லை என்பது இதன்வழி தெளிவாகிறது.

சட்டம் வகுக்கும் எல்லை

மலேசியாவில் அறக்கட்டளை நிறுவ விரும்புவோர்க்கு இருவழிகள் உள்ளன. ஒன்று, 1952ஆம் ஆண்டு அறங்காவலர் கூட்டுருவாக்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுவது. மற்றொன்று, 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக அமைவது. கொடையாளர்க்கு வரிவிலக்குப் பெற 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் ஒப்புதல் வேண்டும். எவ்வழியாயினும் அறப்பொருளைத் தமக்கெனப் பயன்படுத்தலாகாது, எழுதிய நோக்கத்திற்குப் புறம்பாகச் செலவிடலாகாது, கணக்குக் காட்டுதல் வேண்டும் என்பன ஆள்வோர்க்குரிய கடமைகள். எனினும் சட்டம் தீங்கைத் தடுக்குமேயன்றி நன்மையைப் படைக்காது. நோக்கம் தெளிவின்றி எழுதப்பட்டிருப்பின் நேர்மையான அறங்காவலரும் வழி அறியாது திகைப்பர்.

முடிவுரை

ஜொகூர் மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல தோட்டங்களில் தோன்றியவை. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்தபோது பள்ளிகள் பெயர்ந்தன. பெயரும்போது பழைய வருகைப் பதிவேடுகள், ஆண்டு மலர்கள், ஒளிப்படங்கள், நாடகச் சுவடிகள் எளிதில் தொலைந்துபோகும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வாழ்நாள் நூல் தொகுப்பும் அவருக்குப் பின் போற்றுவாரின்றிச் சிதறக்கூடும். இவற்றைக் காக்க லீ குடும்பத்தின் செல்வம் வேண்டுவதில்லை. அக்குடும்பம் கொண்ட முறை வேண்டும்.

வசதியுடைய குடும்பங்களும் முன்னாள் மாணவர்களும் சிறு அறக்கட்டளை ஒன்றைத் தொடங்குவராயின் மூன்றினை முதலிலேயே எழுதி வைத்தல் நலம். முதல் குறையாது என்பது ஒன்று. எதனைக் காக்கிறோம் என்பதை ஐயத்திற்கிடமின்றிக் கூறும் ஒரு வாக்கியம் மற்றொன்று. ஆள்வோர் அவையில் குடும்பத்தாருடன் ஆசிரியர் ஒருவரும் நூலகத்துறையறிஞர் ஒருவரும் இருத்தல் மூன்றாவது. 1953இல் எழுதப்பட்ட நிபந்தனையின் பயனைத் தமிழ் மாணவர் இன்றும் துய்க்கின்றனர். இன்று நாம் எழுதும் நிபந்தனையின் பயனைத் துய்ப்போர் இனிப் பிறப்போராவர். நந்தாவிளக்கிற்கு ஆடு அளித்தவர்களும் அவ்வாறே எண்ணியிருப்பர்.